போர்வெல் தண்ணீரில் இரும்பா, குரோமியமா? நிறத்தை வைத்துக் கண்டறியத் தொடங்குவோருக்கு

போரிலிருந்து விழும்போது தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். வாளியில் பிடித்து வைத்தால் இரண்டு மணி நேரத்தில் மஞ்சள் தட்டும். மறுநாள் காலையில் அடியில் துரு நிறத்தில் ஒரு படிவு கிடக்கும். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, ஆக்ஸிஜன் பட்டதும் கரையாத வடிவத்துக்கு மாறி வெளியே வருகிறது, அவ்வளவுதான். நிறமாற்றச் சோதனை ஒன்றைத் தண்ணீர் தானே செய்து காட்டிவிடுகிறது. ஆனால் இரும்பு எவ்வளவு என்பதை அது சொல்லாது. காரீயம், குரோமியம் போன்றவை இந்த அளவுக்குக்கூடத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை.

மருந்தை விட்டு நிறம் பார்க்கும் சோதனைகளைப் பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்போம். குடிநீரில் அதையே செய்யும்போது ஒரு சிக்கல் வருகிறது. பள்ளியில் சோதித்த கரைசலில் உலோகம் தாராளமாக இருந்தது. குடிநீரில் நாம் தேடுவது மிகச் சிறிய அளவு. ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டி ஒன்றில் 1 கிராம் இரும்பு கரைந்திருந்தால் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 இரும்புக்கு இப்போது வைத்திருக்கும் எல்லை இதுதான். குரோமியத்துக்கு 0.05 மி.கி. காரீயத்துக்கு 0.01 மி.கி. அதே தொட்டியில் 10 மில்லிகிராம், அதாவது ஓர் அரிசியின் பாதி எடை அளவுக்குக் காரீயம் இருந்தாலே எல்லையைத் தொட்டுவிடும்.

எனவே எந்தச் சோதனையை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கண்ணுக்குத் தெரியும் மிகக் குறைந்த அளவு எல்லைக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பது. மேலே இருந்தால், நிறம் வராததை வைத்து 'உலோகம் இல்லை' என்று சொல்லவே முடியாது. பதினாறு பொருள்களை ஒரே நேரத்தில் சோதிப்பதாக இணையத்தில் விற்கும் நிறம் மாறும் பட்டைகளை வாங்குமுன் டப்பாவிலுள்ள நிற அட்டையைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு அடுத்த கட்டத்தில் என்ன எண் அச்சாகியிருக்கிறது? அது எல்லையைவிடப் பெரிது என்றால், அந்த உலோகத்துக்கு அந்தப் பட்டை பயன்படாது.

எப்போதும் மூன்று குழாய்

தண்ணீரை மட்டும் ஒரு குழாயில் ஊற்றி, மருந்து விட்டு, 'லேசாகச் சிவப்பு தெரிகிற மாதிரி இருக்கிறது' என்பதெல்லாம் சோதனை ஆகாது. குறைந்தது மூன்று குழாய் வேண்டும். முதலாவது வெற்றுக் குழாய். அதில் காய்ச்சி வடித்த நீரோடு எல்லா மருந்தும் இருக்கும். இரண்டாவது அளவு தெரிந்த குழாய். அதில் எல்லை அளவுக்கு உலோகத்தை நாமே கலந்திருப்போம். மூன்றாவதில் சோதிக்க வேண்டிய தண்ணீர்.

வெற்றுக் குழாயில் நிறம் வந்தால் மருந்திலோ பாத்திரத்திலோ கறை இருக்கிறது. அளவு தெரிந்த குழாயில் நிறம் வராவிட்டால் மருந்து செத்துப்போய்விட்டது. இந்த இரண்டும் சரியாக அமைந்த பிறகுதான் மூன்றாவது குழாயைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. சந்தேகம் வந்தால் நான்காவதாக ஒன்றும் வையுங்கள். சோதிக்கும் தண்ணீரிலேயே தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்துப் பாருங்கள். சேர்த்தும் நிறம் கூடவில்லை என்றால், அந்தத் தண்ணீரில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று நிறத்தை அமுக்குகிறது.

இரும்பில் தொடங்குவது

கைப்பழக்கத்துக்கு இரும்பைவிட நல்ல உலோகம் கிடையாது. மருந்து எளிதில் கிடைக்கும், நிறம் அழகாக வரும், தவறு செய்தால் பெரிய ஆபத்தும் இல்லை. பரவலாக உள்ள முறைகள் இரண்டு. தயோசயனேட் முறையில் இரத்தச் சிவப்பு வரும், பினான்த்ரோலின் முறையில் ஆரஞ்சுச் சிவப்பு. முந்தையது மலிவு, ஆனால் நிறம் நிமிடங்களில் மங்கத் தொடங்கும். பிந்தையதில் நிறம் மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், ஒருமுறை தயாரித்த நிறக் குழாய்களை மூடி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒப்பிடலாம். புதிதாகத் தொடங்குபவர் பினான்த்ரோலினையே எடுத்துக்கொள்வது நல்லது.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. ஒரே விட்டமும் ஒரே உயரமும் கொண்ட 50 மி.லி. கண்ணாடிக் குழாய்கள் ஆறு. நெஸ்லர் குழாய் என்று கேட்டால் ஆய்வகப் பொருள் கடையில் தருவார்கள். மருந்துக்கடையில் 1, 5, 10 மி.லி. சிரிஞ்சுகள். அவற்றின் ஊசியைக் கழற்றி எறிந்துவிடுங்கள், எஃகு ஊசி அமிலத்தில் பட்டால் அதுவே இரும்பை விடும். நகை எடை பார்க்கும் 0.01 கிராம் சிறு தராசு ஒன்று. காய்ச்சி வடித்த நீர் ஐந்து லிட்டர். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரும் பெரும்பாலும் போதும், அது சுத்தமா என்பதை வெற்றுக் குழாயே சொல்லிவிடும்.

மருந்துகள் நான்கு. 1,10-பினான்த்ரோலின் 0.1 கிராமை 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். கரைய அடம்பிடித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடலாம். சோடியம் அசிடேட் 20 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, தூளாகவே வேண்டும். சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையைப் பொடித்துப் போட்டால் அதன் சாயமே நிறமாக வந்து நிற்கும். நான்காவது, ஆய்வகத் தர ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு பங்கு நீரில் ஒரு பங்கு அமிலத்தை மெதுவாக ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். அமிலத்தின் மேல் நீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி, கையுறை இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும். கழிவறை கழுவும் மஞ்சள் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமே அதில் கரைந்திருக்கும் இரும்புதான்.

ஒப்பிடும் இரும்புக் கரைசலுக்கு ஃபெர்ரஸ் அமோனியம் சல்பேட். பாடப்புத்தகத்தில் மோர் உப்பு என்று வரும். குடிக்கும் மோருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மோர் என்பது ஒரு ஜெர்மன் வேதியியலாளரின் பெயர். 0.70 கிராம் எடுத்து, முன்பு கலந்த அமிலம் 10 மி.லி. சேர்த்து, நீர்விட்டு 1 லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 100 மி.கி. இரும்பு. இது தாய்க் கரைசல். இதில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் லிட்டருக்கு 10 மி.கி. இந்த இரண்டாவதை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் தயாரியுங்கள்.

இனி செய்முறை.

1. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்னுள்ள குழாயில் தண்ணீரைப் பிடியுங்கள். பாட்டிலின் கழுத்து வரை நிரப்பி உடனே மூடுங்கள். உள்ளே காற்று குறைவாக இருந்தால் இரும்பு படிவது தள்ளிப்போகும்.

2. ஐந்து குழாய்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். வெற்றுக் குழாயில் வடித்த நீர் 25 மி.லி. அடுத்த மூன்றில் 10 மி.கி. கரைசலை முறையே 0.75, 2.5, 7.5 மி.லி. விட்டு, வடித்த நீரால் 25 மி.லி. வரை நிரப்புங்கள். இவை லிட்டருக்கு 0.3, 1, 3 மி.கி. ஆகும். ஐந்தாவதில் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சோதிக்கும் தண்ணீர் 25 மி.லி.

3. ஒவ்வொன்றிலும் கலந்த அமிலம் 0.5 மி.லி. விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீரில் துருத் துகள் கண்ணுக்குத் தெரிந்தால் அதை மட்டும் ஒரு கண்ணாடிக் குடுவையில் மாற்றி, கொதி வரும் வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். பழைய துரு குளிர்ந்த அமிலத்தில் முழுதாகக் கரையாது.

4. அஸ்கார்பிக் அமிலத் தூள் ஒரு சிட்டிகை, ஏறத்தாழ 0.1 கிராம். கலக்குங்கள். பினான்த்ரோலின் பிடித்துக்கொள்வது ஃபெர்ரஸ் இரும்பை, அதாவது நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடக்கும் வடிவத்தை. காற்றுப் பட்டு ஃபெர்ரிக்காக மாறியதை இந்தத் தூள்தான் திருப்பிக் கொண்டுவருகிறது.

5. சோடியம் அசிடேட் கரைசல் 5 மி.லி. அமிலத்தின் கடுமையைக் குறைத்து, பிஎச் அளவை ஐந்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது இதன் வேலை.

6. பினான்த்ரோலின் கரைசல் 2 மி.லி. கலக்கிவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள்.

7. குழாய்களை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, பக்கவாட்டில் பார்க்காமல் மேலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். பகல் வெளிச்சமாக இருக்கட்டும், மஞ்சள் பல்பு வேண்டாம்.

மேலிருந்து பார்ப்பது சும்மா ஒரு வழக்கம் அல்ல. குழாயின் குறுக்கே பார்த்தால் பார்வை இரண்டு சென்டிமீட்டர் திரவத்தைத்தான் கடக்கிறது. மேலிருந்து பார்த்தால் பத்து சென்டிமீட்டருக்கு மேல். அதே நிறம் ஐந்து மடங்கு அடர்த்தியாகத் தெரியும். 0.3 குழாய் பக்கத்திலிருந்து ஏறக்குறைய வெள்ளை, மேலிருந்து வெளிர் ஆரஞ்சு.

உங்கள் தண்ணீர் 1-க்கும் 3-க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்று தெரிந்தால் போதும். '1.7' என்றெல்லாம் கண்ணால் சொல்ல முயல வேண்டாம். 3-ஐத் தாண்டினால் தண்ணீரை ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து (5 மி.லி. தண்ணீர், 20 மி.லி. வடித்த நீர்) மறுபடி செய்து, விடையை ஐந்தால் பெருக்குங்கள்.

எங்கே சறுக்கும்

மூன்றாம் படியை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் நாள் பிடித்து வைத்த பாட்டிலில் தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து, அமிலம் விடாமல் சோதித்தால், 'இரும்பே இல்லை' என்று வரும். இரும்பெல்லாம் பாட்டிலின் அடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதையே வேண்டுமென்றே ஒரு சோதனையாகச் செய்யலாம். புதிதாகப் பிடித்த தண்ணீரை உடனே வடிகட்டி ஒரு குழாய், குலுக்கிய தண்ணீர் ஒரு குழாய். இரண்டுக்குமான வேறுபாடுதான் துகளாக மிதக்கும் இரும்பு. துகளை மணல் வடிகட்டி பிடிக்கும். கரைந்த இரும்புக்கோ முதலில் காற்றூட்ட வேண்டும். வடிகட்டி விற்க வருபவரிடம் பேசும்போது இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் நல்லது.

அசிடேட்டை மறந்தால் நிறம் மிக மெதுவாக வரும் அல்லது வராமலே போகும். எல்லாக் குழாயிலும் ஒரே மாதிரி நிறம் வந்தால் வடித்த நீரைச் சந்தேகியுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்து நிறம் சேறு மாதிரித் தெரிந்தால், மருந்து விடாத அதே தண்ணீரைப் பக்கத்தில் ஒரு குழாயில் நிறுத்தி ஒப்பிடுங்கள்.

தயோசயனேட் உள்ள கிட் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அங்கே கதை தலைகீழ். அது பிடிப்பது ஃபெர்ரிக் இரும்பை. எனவே வைட்டமின் சி-க்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. அமிலம் கட்டாயம். அதிகப் பெராக்சைடு தயோசயனேட்டையே தின்றுவிடும். நிறம் வந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒப்பிட்டுவிட வேண்டும். ஃபுளோரைடும் பாஸ்பேட்டும் இரும்பைத் தம் பக்கம் இழுத்து நிறத்தை வெளுக்கச் செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடுத் தண்ணீரில் இந்த முறையைச் செய்தால், சோதிக்கும் தண்ணீரிலேயே தெரிந்த அளவு இரும்பைச் சேர்த்துப் பார்க்கும் கூடுதல் குழாயை மறக்காதீர்கள். தயோசயனேட் கழிவைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்ப்பதும், அமிலத்தோடு சூடாக்குவதும் கூடாது. நச்சு வாயு வரும்.

கடுக்காயும் தேநீரும்

மருந்து எதுவும் இல்லாமல் ஒரு சோதனை உண்டு, நம் ஊருக்குப் பழையதும்கூட. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது ஃபெர்ரஸ் சல்பேட். கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து கருநீலமாகிறது. இரும்புத் தண்ணீரில் போட்ட டீ கறுத்துப் போவதும் அதே வேதியியல்தான்.

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் ஒரு டீஸ்பூன், வடித்த வெந்நீர் 100 மி.லி., பத்து நிமிடம் ஊறல், வடிகட்டல். 50 மி.லி. தண்ணீரில் இந்த நீர் 2 மி.லி. விட்டுப் பத்து நிமிடம் கழித்து வெற்றுக் குழாயோடு ஒப்பிடுங்கள். இரும்பு நிறைய இருந்தால் சாம்பலிலிருந்து கருநீலம் வரை போகும். எலுமிச்சையோ அமிலமோ விடக் கூடாது, விட்டால் கருமை கலைந்துவிடும். கடுக்காய்க்கே ஒரு பழுப்பு இருப்பதால், எல்லையான 1 மி.கி. அருகே இதை நம்ப முடியாது. ஊரில் உள்ள முப்பது போர்களில் எதை முதலில் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்க இது போதும், அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

குரோமியம்: மஞ்சளில் இரண்டு வகை

கிணற்று நீர் மஞ்சளாக இருந்தால் இரும்பு என்று முடிவு கட்டிவிடுவது நம் வழக்கம். ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் அப்படி முடிவு கட்டக் கூடாது. 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு கிடந்து, நிலத்தடி நீரில் இறங்கியது ஊரறிந்த செய்தி. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமும், அதாவது குரோமேட்டும், தண்ணீரை மஞ்சளாக்கும். ஆனால் இரும்பு மஞ்சள் ஓர் இரவில் அடியில் படிந்து மேல்நீர் தெளியும். குரோமேட் மஞ்சள் எத்தனை நாள் வைத்தாலும் படியாது. படியாத மஞ்சளைக் கண்டால் சோதனை முடியும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மஞ்சள் கண்ணுக்குத் தெரியும் அளவே எல்லையை வெகுவாகத் தாண்டியது. எல்லையருகே தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும்.

இதற்கான மருந்து 1,5-டைபினைல்கார்பசைடு. 0.25 கிராமை 50 மி.லி. அசிட்டோனில் கரைத்துப் பழுப்பு நிறப் பாட்டிலில் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. கரைசல் நிறமற்று இருக்கும் வரைதான் பயன்படும். நிறம் ஏறிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். 50 மி.லி. தண்ணீரில் 1 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலம் 2 மி.லி., கலக்கிய பின் இந்த மருந்து 1 மி.லி. ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. குடிநீர்ச் சோதனைகளில் கூர்மையான ஒன்று இது. 0.05 மி.கி. அளவிலேயே உயரமான குழாயில் மேலிருந்து பார்த்தால் இளஞ்சிவப்பு தெரியும். எல்லைக்கு இறங்கி வரும் அரிய சோதனை என்பதால்தான் இதைச் சிபாரிசு செய்கிறோம்.

அளவு தெரிந்த குழாய்க்குப் பொட்டாசியம் டைகுரோமேட் வேண்டும். அதை வீட்டில் எடை போடாதீர்கள். அதன் தூசி புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கல்லூரி ஆய்வகத்தில் 0.1414 கிராமை 1 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 50 மி.கி. குரோமியம். அதில் 1 மி.லி.-ஐ 1 லிட்டராக்கினால் சரியாக 0.05 மி.கி. அந்த நீர்த்த கரைசலை மட்டும், பெயர் எழுதி ஒட்டிய பாட்டிலில் வாங்கி வாருங்கள்.

இந்தச் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும்போது பாட்டிலில் அமிலம் விட்டு வைக்கக் கூடாது. மற்ற உலோகங்களுக்கு அமிலம் பாதுகாப்பு. இங்கே அமிலத்தில் காத்திருக்கும் குரோமியம், தண்ணீரிலுள்ள மட்கிய பொருள்களோடு வினைபுரிந்து மூன்று இணைதிறனுக்கு இறங்கி, சோதனைக்குத் தப்பிவிடும். குளிரவைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இரும்பு 1 மி.கி.-க்கு மேல் இருந்தால் ஒரு மஞ்சள் சாயல் குறுக்கிடும்.

தோல் பதனிடும் ஊர்களில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆலைகள் தோலுக்குப் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம். டைபினைல்கார்பசைடு அதைக் கண்டுகொள்ளாது. ஐஎஸ் 10500 சொல்லும் 0.05 மொத்தக் குரோமியத்துக்கான எல்லை. எனவே வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ இளஞ்சிவப்பு வரவில்லை என்றால் 'ஆறு இணைதிறன் குரோமியம் தெரியவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். மொத்தக் குரோமியத்தை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

சோதித்த கழிவைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, அஸ்கார்பிக் அமிலத்தூள் ஒரு ஸ்பூன் போட்டு, கல்லூரி ஆய்வகத்தின் கழிவோடு ஒப்படையுங்கள்.

செம்பு, காரீயம், ஆர்சனிக்

செம்புக்கு அமோனியா விட்டால் கருநீலம் என்று பள்ளியில் படித்திருப்போம். குடிநீரில் அது உதவாது. லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் இருந்தால்தான் நீலம் கண்ணுக்குப் படும். வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கு ஐஎஸ் 10500 அனுமதிக்கும் மேல் எல்லையே 1.5 மி.கி. பைசின்கோனினேட் என்ற மருந்துள்ள கிட் வாங்குங்கள், அதில் ஊதா நிறம் ஒரு மில்லிகிராமுக்குக் கீழேயே தெரியும். செம்புக் குடத்தில் இரவு வைத்த தண்ணீரை இதில் சோதிக்கலாம். மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் அந்தக் குடத்தில் வைக்கக் கூடாது என்று பாட்டிமார் சொன்னதற்கு, அமிலத்தில் செம்பு கூடுதலாகக் கரையும் என்பது காரணம்.

செம்பு, காரீயம் இரண்டும் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து வருவதில்லை, வீட்டுக் குழாயிலிருந்து வருகின்றன. ஆகவே மாதிரி பிடிப்பது இரும்புக்கு நேர்மாறு. இரவு முழுக்கக் குழாயைத் திறக்காமல் விட்டு, காலையில் விழும் முதல் தண்ணீரைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது பாட்டில். முதலில் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் குற்றவாளி குழாயும் பித்தளைத் திருகும்தான்.

காரீயத்துக்கு வீட்டு நிறச் சோதனை எதுவும் 0.01 மி.கி. வரை நம்பகமாக இறங்காது. சோடியம் சல்பைடு விட்டுக் கறுப்பு பார்க்கும் பழைய முறையில் செம்பும் கறுக்கும், எல்லையளவு காரீயமோ நிறமே காட்டாது. சோடியம் ரோடிசோனேட் நனைத்த பஞ்சு அமிலச் சூழலில் காரீயத்தோடு சிவக்கும். அதைக் குழாய் இணைப்பின் பற்றவைப்பிலும் பழைய பெயின்ட்டிலும் தேய்த்துப் பார்க்கலாம். அது பொருளைப் பற்றிய சோதனை, தண்ணீரைப் பற்றியது அல்ல. இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், வேறு உலோகம். விஷம் காரீயம். இரண்டையும் வெறும் 'ஈயம்' என்று சொல்லி, கலப்படச் சொம்பை விற்பவர்களும் உண்டு.

ஆர்சனிக் முக்கியமாகக் கங்கைச் சமவெளியின் துயரம், மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் வங்கதேசத்திலும். துத்தநாகமும் அமிலமும் சேர்த்து ஆர்சைன் வாயுவை எழுப்பி, மெர்குரிக் புரோமைடு தாளை மஞ்சளிலிருந்து பழுப்பாக்கும் கிட் அங்கே வயலோரங்களில் புழங்குகிறது. ஆர்சைன் கொடிய நச்சு. மூடி இறுக்கமான ஆயத்தக் கிட்டில், திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டியது. தனித்தனி மருந்து வாங்கிச் செய்து பார்க்கும் வேலை இது அல்ல.

ஏமாற்றும் நிறம்

வீட்டுக்கு வரும் ஆர்ஓ விற்பனையாளர் இரண்டு கண்ணாடி டம்ளரில் மின்முனைகளை இறக்கி ஸ்விட்ச் போடுவார். உங்கள் குழாய்த் தண்ணீர் சேற்றுப் பழுப்பாகும், அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வரவில்லை. மின்முனையிலுள்ள இரும்பு கரைந்து துருவாகிறது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பு நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்புப் போட்டு மறுபடி ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். டிடிஎஸ் பேனாவும் இப்படித்தான். அது காட்டுவது மொத்த உப்பை. 300 என்று காட்டும் தண்ணீரில் 0.05 குரோமியம் இருந்தாலும் அந்த எண் அசையாது.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்பதும் உலோகங்களுக்குப் பொருந்தாது. இரும்பு ஓரளவு படியும். குரோமியமும் காரீயமும் ஆவியாவதில்லை, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன, பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. இரும்பு அந்தப் பெட்டியிலேயே இருப்பதால், முதலில் ஊராட்சியில் கேட்டுவிட்டு மருந்து வாங்கலாம்.

ஆய்வகத்திடம் 'தண்ணீர் டெஸ்ட்' என்று பொதுவாகச் சொன்னால் கடினத்தன்மை, குளோரைடு, பிஎச் பார்த்துத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். எந்த உலோகம் வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். அவர்களுடைய கருவி காரீயத்தில் எந்த அளவு வரை இறங்கும் என்றும் கேளுங்கள். தாளில் 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று வந்தால் அந்த அளவு 0.01-ஐவிடக் குறைவா என்று பார்க்க வேண்டும். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் அவர்கள் நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமிலமில்லாத இரண்டாவது பாட்டில் தனியாக. ஒவ்வொன்றிலும் எடுத்த இடம், நேரம், மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது, முதல் நீரா ஓடிய நீரா என்பதைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.